பெரிய பாய்க்குக் கேம்பர் வேண்டுமா? வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், பாய்மரம் கட்டிய பலகையில் காற்றின் விசையால் நீரின் மேல் ஓடும் விண்ட்சர்ஃபிங் விளையாட்டுக்குப் பலகையைத் தேர்ந்தெடுப்பது பற்றி எழுதியதைத் தொடர்ந்து செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பாயைப் பற்றியும், அதன் வடிவத்தைப் பிடித்து நிறுத்தும் கேம்பரைப் பற்றியுமே கேட்டிருந்தன. ஆகவே இம்முறை பிற கேள்விகளை ஒதுக்கிவைத்து, இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 41 வயது, 84 கிலோ எடை. ஐந்து ஆண்டுகளாக விடுமுறை நாட்களில் தொண்டிக்குச் சென்று விண்ட்சர்ஃபிங் செய்கிறேன். என்னிடம் இருப்பது கேம்பர் இல்லாத 6.5 சதுர மீட்டர் பாய். காற்று குறைந்த நாட்களில் கரையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்ப வேண்டியிருப்பதால் 8.5 அளவில் ஒன்று வாங்க நினைக்கிறேன். சிங்கப்பூரில் இருக்கும் என் அம்மான் மகன், அங்கே பயன்படுத்திய பாய்கள் இரண்டு விலைக்கு வந்திருப்பதாகச் சொல்கிறான். ஒன்று மூன்று கேம்பர் வைத்தது, மற்றது கேம்பர் இல்லாதது, விலை ஏறத்தாழ ஒன்றுதான். கேம்பர் இருந்தால் மெல்லிய காற்றிலேயே பலகை எழும்பிவிடும் என்கிறார்கள். எதை வாங்கச் சொல்வது? பலகையைத் திருப்பும்போது பாதி முறை விழுந்துவிடுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். (காரைக்குடி வாசகர்)

பதில்: தயங்கித் தயங்கிக் கடைசியில் சொன்ன செய்தியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். திரும்பும்போது பாதி முறை விழுகிற ஒருவர், நீங்களே எழுதியுள்ளபடி 84 கிலோ எடையும் ஐந்தாண்டுப் பழக்கமும் உடையவராக இருந்தாலும், கேம்பர் இல்லாத பாயைத்தான் வாங்க வேண்டும் என்பது என் கருத்து. இதைச் சொல்லும் நான் கேம்பர் பாய்க்கு எதிரியல்லன். என் வீட்டில் இருக்கும் பெரிய பாய் இரண்டு கேம்பர் வைத்ததுதான். அதனால்தான் காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேம்பர் என்பது கவட்டைக் கோலின் நுனி போன்ற பிளாஸ்டிக் துண்டு. பாயின் குறுக்கே ஓடும் பேட்டன்களில், அதாவது பாயை விறைப்பாக வைக்கும் மெல்லிய கழிகளில், சிலவற்றின் முன்முனையில் அது பொருந்தி, பாயின் முன்விளிம்பிலுள்ள அகன்ற உறைக்குள் இருக்கும் மாஸ்டை (பாயைத் தாங்கும் கம்பத்தை) இரண்டு தாடைகளால் கவ்விக்கொண்டு நிற்கிறது. அந்தப் பிடிப்பால் பேட்டன் எப்போதும் ஒரு பக்கமாக வளைந்தே இருக்க, காற்றே இல்லாதபோதும் பாய் விமான இறக்கையைப் போல முன்புறம் புடைத்த வடிவத்தை இழப்பதில்லை. கேம்பர் இல்லாத பாயில் பேட்டனின் முனை மாஸ்டின் பக்கத்தில் வெறுமனே சாய்ந்திருக்கிறது. காற்று வந்து நிரப்பினால்தான் பாய்க்கு வயிறு உண்டாகிறது, காற்று போனால் வயிறும் போய்விடுகிறது.

இந்த வேறுபாடு காற்றின் இரண்டு நிலைகளில் தெரியும். காற்று சட்டென்று அடங்கும் இடைவெளிகளில், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பலகையைக் கேம்பர் பாய் இழுத்துச் சென்றுவிடும்; கேம்பர் இல்லாத பாய் அதே இடத்தில் தொய்ந்து பலகையைத் தண்ணீரில் உட்காரவைத்துவிடும். திடீர் வீச்சு வரும்போது நடப்பது இன்னும் முக்கியமானது. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 10 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்) காற்று 14 நாட் ஆகும்போது பாயின் மீதுள்ள பாரம் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடுகிறது. அந்த நொடியில் கேம்பர் இல்லாத பாயின் வயிறு பின்னோக்கி நகர்ந்து, பின்கையைப் பிடுங்குவதுபோல் இழுக்கும். கேம்பர் வைத்த பாயில் வயிறு இருந்த இடத்திலேயே இருப்பதால் இழுப்பு கூடினாலும் திசை மாறாது. இடுப்பில் கட்டிப் பூமோடு மாட்டிக்கொள்ளும் ஹார்னஸ் பட்டையில் சாய்ந்தபடியே போய்க்கொண்டிருக்கலாம். (பூம் என்பது பாயைப் பிடிக்கும் குறுக்குக் கம்பு.) கேம்பரின் உண்மையான நன்மை இதுதான். நேர்கோட்டில் நெடுந்தூரம் வேகமாகப் போகிறவர்கள் அதைக் கைவிடாததற்கும் காரணம் இதுவே.

நீங்கள் கேள்விப்பட்டதோ வேறு: மெல்லிய காற்றிலேயே எழும்பும் என்பது. இதில் பாதிதான் உண்மை. பலகை தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போவதை விட்டு மேலே எழுந்து வழுக்கத் தொடங்கும் நிலைக்கு, அதாவது பிளேனிங்கிற்கு, முதலில் உதவுவது பாயின் பரப்பு, பலகையின் அகலம், பலகையின் அடியில் பின்புறம் நிற்கும் துடுப்பின் நீளம், பிறகு நம் கைகள் பாயை விசிறுவதுபோல் அசைத்துக் காற்றை வாங்கும் பழக்கம். இந்தக் கடைசி வேலையில் மெல்லிய உறையும் குறைந்த எடையும் உடைய, கேம்பர் இல்லாத பாய் சளைத்ததல்ல. பழகாத கைக்கு அதுவே எளிது. பரப்பின் கணக்கையும் பாருங்கள்: மற்றவையெல்லாம் மாறாமல் இருந்தால், 6.5 பாயில் நீங்கள் 14 நாட் காற்றில் எழும்புகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், 8.5 பாயில் அதே இழுப்பு ஏறக்குறைய 12¼ நாட் காற்றில் கிடைக்கும். இரண்டு சதுர மீட்டர் கூட்டியும் இரண்டு நாட் கூட முன்னே வரவில்லை. ஒரே பரப்புள்ள இரு பாய்களில் கேம்பர் மட்டும் கொண்டுவரும் மாற்றம் இதைவிடச் சிறியதாகவே இருக்கும். கரையில் உட்கார்ந்திருக்கும் நாட்களைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால், அதை உங்களுக்குச் செய்து கொடுப்பது 8.5 என்ற எண்ணேயன்றிக் கேம்பர் அன்று.

இனி விழுவதைப் பற்றி. கேம்பர் பாயின் உறை அகலமானது. பாய் தண்ணீரில் விழுந்ததும் உறைக்குள் தண்ணீர் புகுந்துவிடும். ஒவ்வொரு லிட்டரும் ஒரு கிலோ. கயிற்றைப் பிடித்துப் பாயைத் தூக்கும்போது நீங்கள் பாயையும் தூக்குகிறீர்கள், அது வடிகிற வரையில் ஒரு வாளித் தண்ணீரையும் தூக்குகிறீர்கள். தூக்கியபின் இன்னொரு தொல்லை இருக்கிறது. கேம்பர் இல்லாத பாயைக் கையை விட்டால் கொடிபோல் காற்றில் படபடத்து அமைதியாகிவிடும். வடிவத்தை விடாத பாயோ கையை விட்ட பிறகும் கொஞ்சம் இழுத்துக்கொண்டே இருக்கும், பலகையில் நிலைகொள்வதற்குள் மறுபடியும் கவிழ்த்துவிடும். திரும்பும்போது கேம்பர்கள் மாஸ்டைச் சுற்றி மறுபக்கம் தாவ வேண்டும். அதற்குப் பூமை ஓர் உதறு உதற வேண்டும். அந்த உதறலைச் செய்ய நிலையான கால் வேண்டும். பாதி முறை விழுகிறவரிடம் இல்லாதது அதுதான். ஒரு மணி நேரத்தில் பத்து முறை பாயைத் தூக்கிவிட்டால் பதினோராவது முறை கை கேட்காது. களைத்த கையோடு கடலில் இருப்பது வேகக் குறைவைவிடப் பெரிய கவலை.

தொண்டியில் இந்தக் கவலைக்குத் தனி அழுத்தம் உண்டு. கரை கிழக்கு நோக்கியது. மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகிறது. வீடுகளையும் மரங்களையும் தாண்டி வருவதால் விட்டுவிட்டு, தாறுமாறாக வீசும். இப்படிப்பட்ட காற்றில்தான் கேம்பரின் நிதானம் பயன்படும் என்று ஒருவர் வாதிடலாம், அந்த வாதத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் இதே காற்றில்தான் பாயைத் தூக்க முடியாமல் போனவர் மெல்ல மெல்ல உள்ளே தள்ளப்படுவார். கரைக்கருகே ஆழமில்லாத கடல் என்பதால் ஏற்படும் துணிச்சல் சிறிது தூரத்திலேயே பொய்த்துவிடும். பாக் நீரிணையில் 1974இல் வகுக்கப்பட்ட இந்திய–இலங்கைக் கடல் எல்லைக்கோடு ஒன்று இருப்பதையும் மறக்க வேண்டாம். மேற்குக் காற்றில் தனியாகப் போகாதீர்கள். படகு வைத்திருக்கும் மீனவர் ஒருவரிடமும், கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையத்திலும் சொல்லிவிட்டு இறங்குங்கள். வாடையும் கொண்டலும் அடிக்கும் மாதங்களில் காற்று கடலிலிருந்து வருவதால் சீராக இருக்கும், விழுந்தாலும் கரைக்கே கொண்டுவந்து சேர்க்கும். கேம்பர் பாயைப் பழக விரும்பினால் அந்த மாதங்களில் நண்பர் ஒருவருடையதை வாங்கிப் பழகிப் பாருங்கள்.

பாயின் அளவைக் கூட்டும்போது துடுப்பும் நீளமாக வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தொண்டிப் பக்கம் கடல்புல் அடர்ந்த இடங்கள் பல. நேராக நிற்கும் நீளத் துடுப்பு அந்தப் புல்லை வாரிச் சுருட்டிக்கொண்டு பலகையை நங்கூரம் போட்டதுபோல் நிறுத்திவிடும். பின்னோக்கி நன்றாகச் சாய்ந்த துடுப்பு ஒன்றையும் அதே பெட்டியில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். பத்துத் திருப்பங்களில் எட்டை விழாமல் முடிக்கும் காலம் வந்ததும், இரண்டு கேம்பர் வைத்த பாயைப் பற்றி மறுபடியும் எழுதுங்கள். மூன்று கேம்பர் அப்போதும் தேவைப்படாது.

கேள்வி: கடற்கரை நகரம் ஒன்றில் விற்பனையாளர் ஒருவரிடம் இரண்டு கேம்பர் வைத்த 8.4 பாயும் 490 சென்டிமீட்டர் மாஸ்டும் சேர்த்து வாங்கினேன். திரும்பும்போது மேலேயுள்ள கேம்பர் தாவுவதேயில்லை. பாதி பாய் ஒரு பக்கமும் மீதி மறுபக்கமுமாக நிற்கிறது. கட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகிறது. பாய் பழுதா? (தேவகோட்டை வாசகர்)

பதில்: பாய் பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. பழகாத கையில் கேம்பர் பாய் முரண்டு பிடித்தால், நான் பார்த்தவரையில், குற்றம் பெரும்பாலும் மாஸ்டிலோ, பாயைக் கீழிழுத்துக் கட்டும் டவுன்ஹால் கயிற்றிலோதான் இருக்கிறது.

முதலில் மாஸ்டின் அடியில் ஒட்டியிருக்கும் எழுத்துகளைப் படியுங்கள். 490 நீளமுள்ள மாஸ்டுக்கு விறைப்பு எண் வழக்கமாக 29 என்றிருக்கும், 460க்கு 25. எண் சரியாக இருந்தும் வளைவு மாறுபடலாம்: மேல்பகுதி அதிகமாக வளையும் மாஸ்டும் உண்டு, சீராக வளையும் மாஸ்டும் உண்டு, மேல்பகுதி விறைத்த மாஸ்டும் உண்டு. பாயை வெட்டியவர் ஒரு வளைவை மனத்தில் வைத்து வெட்டியிருக்கிறார். வேறு வளைவில் நுழைத்தால் கேம்பர் இல்லாத பாய் ஏதோ பொறுத்துக்கொள்ளும், கேம்பர் வைத்த பாய் பொறுக்காது. நானும் முதன்முதலில் இப்படி ஒரு ‘ஜோடி’யை வாங்கி, இரண்டு மாதங்கள் பாயைத் திட்டிவிட்டு, வேறொருவருடைய மாஸ்டை ஒரு நாள் மாற்றிப் போட்டபோதுதான் திட்டியது தவறென்று தெரிந்துகொண்டேன். பாயின் மீதோ பையிலோ எந்த மாஸ்டு என்று அச்சிட்டிருப்பார்கள். அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மாஸ்ட் சரியென்றால் அடுத்தது டவுன்ஹால், அதாவது பாயை மாஸ்டின் அடிவரை இழுத்துக் கட்டும் கயிறு. பெரிய பாய்க்கு அது நம் மனம் ஒப்புவதைவிட அதிகமாக இழுபட வேண்டும். பாயின் மேற்பகுதியில் பின்விளிம்பு, காற்றில்லாமல் பார்க்கும்போது, கிழிந்த துணிபோல் தொளதொளவென்று தொங்குவதுதான் சரியான கட்டு. ‘இப்படியா தொங்கவிடுவது’ என்று தோன்றி இரண்டு அங்குலம் தளர்த்திவிட்டால் பேட்டன் மாஸ்டோடு இறுகிக் கேம்பர் நகராது. கை வலியில் பாதியில் நிறுத்தாமல், கயிற்றை ஹார்னஸின் இரும்புக் கொக்கியில் சுற்றி, காலை மாஸ்டின் அடியில் ஊன்றி, முதுகால் இழுங்கள். இதற்கும் அசையவில்லையென்றால் கேம்பருக்கும் பேட்டனுக்கும் நடுவில் மெல்லிய தகடுகள் செருகியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றைக் கழற்றினால் இறுக்கம் குறையும். கழற்றியதை எறிந்துவிடாதீர்கள், கேம்பர் தேயும்போது திரும்பத் தேவைப்படும்.

முக்கால் மணி நேரத்தைக் கால் மணி நேரமாக்கும் வழி, கடற்கரையில் பழகாமல் வீட்டில் பழகுவது. தேவகோட்டையில் பழைய வீடு என்றால் தூண்கள் சூழ்ந்த வளவு இருக்கும், 8.4 பாய்க்கு மாஸ்டும் அதன் அடியில் செருகும் நீட்டிப்புமாக ஏறக்குறைய 5 மீட்டர் வேண்டும், அது வளவின் ஒரு பக்கத்துத் தூண் வரிசையோடு தாராளமாகக் கிடக்கும். கீழே ஒரு பழைய ஜமக்காளத்தை விரியுங்கள். பாய்க்காக மட்டுமன்று, மாஸ்டின் அடியில் ஒட்டிய மணல் ஆத்தங்குடித் தரைக்கல்லின் பளபளப்பைக் கீறிவிட்டால் வீட்டு ஆச்சிமார் அடுத்த முறை உங்களைத் தெருவில்தான் பாய் விரிக்கச் சொல்வார்கள்.

அவுட்ஹால், அதாவது பாயின் பின்மூலையைப் பூமின் முனையோடு இழுத்துக் கட்டும் கயிறு, முழுவதும் தளர்ந்திருக்கட்டும். மாஸ்டை உறைக்குள் மெதுவாகத் தள்ளும்போது, மற்றக் கையை உறையின் மேல் வைத்து, நுனி வரும் இடத்தில் கேம்பரைத் தடவிப் பார்த்து ஒதுக்குங்கள். தடை தெரிந்தால் முட்டித் தள்ள வேண்டாம், சற்றுப் பின்னிழுத்து மீண்டும் செலுத்துங்கள். நுனி மேலே சேர்ந்ததும் டவுன்ஹாலை முக்கால் பங்கு இழுத்து நிறுத்துங்கள். இப்போது உறையிலுள்ள ஜிப்பைத் திறந்து, பேட்டனை உள்ளங்கையால் பிடித்து மாஸ்டை நோக்கி அழுத்தினால், கேம்பரின் தாடைகள் மாஸ்டின் மீது ‘டொக்’கென்று உட்காரும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அந்த ஒலி தெரியும். மந்தமாக ஒலித்தால் ஒரு தாடை மட்டுமே கவ்வியிருக்கிறது. இரண்டும் உட்கார்ந்தபின் டவுன்ஹாலை முழுவதும் இழுத்து, கடைசியாக அவுட்ஹாலைக் கட்டுங்கள். அவிழ்க்கும்போது முதலில் அவுட்ஹால், பிறகு டவுன்ஹால், பிறகு கேம்பரை மாஸ்டிலிருந்து விடுவித்தல், கடைசியில் மாஸ்ட். இந்த வரிசையை மீறி மாஸ்டை இழுத்தால் கேம்பர் உடையும், அல்லது உறைக்குள் குறுக்காக விழுந்து சிக்கிக்கொள்ளும். தூண்களுக்கிடையில் நான்கு மாலை இதைச் செய்தால் போதும்; கடற்கரையில் காற்று பாயைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது கைகள் தாமே வேலை செய்யும்.

கேள்வி: என் எடை 58 கிலோ. என் அண்ணன் தன்னுடைய 7.8 கேம்பர் பாயைத் தருவதாகச் சொல்கிறார். பெற்றுக்கொள்ளலாமா? (பள்ளத்தூர் வாசகி)

பதில்: அன்போடு மறுத்துவிடுங்கள். உங்கள் எடைக்கு 6.5 அளவுள்ள, கேம்பர் இல்லாத பாயே மெல்லிய காற்றுக்கான ‘பெரிய பாய்’. எடை குறைந்த உங்களுக்கு வேண்டிய இழுப்பை அதிலேயே பெற்றுவிடுவீர்கள். தூக்க வேண்டிய பாரமும் பாதியாகத் தோன்றும்.

கேள்வி: ஒலிம்பிக்கில் எல்லோரும் கேம்பர் பாய்தானே வைத்திருக்கிறார்கள்? அது சிறந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? (கோட்டையூர் வாசகர்)

பதில்: 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் விண்ட்சர்ஃபிங் போட்டிகள் மார்செய் கடலில் ஐக்யூஃபாயில் என்ற வகுப்பில் நடந்தன, ஆண்களுக்கு 9 சதுர மீட்டர் பாய், பெண்களுக்கு 8 சதுர மீட்டர் பாய், இரண்டும் கேம்பர் வைத்தவை. ஆனால் அவர்களுடைய பலகை தண்ணீரின் மேல் வழுக்குவதில்லை. 95 சென்டிமீட்டர் நீளமுள்ள தண்டின் அடியில் பொருத்திய இறக்கையின் பலத்தில் தண்ணீரை விட்டே எழுந்து பறக்கிறது. எழுந்தபின் உராய்வு குறைந்துவிடுவதால், காற்று அடங்கும் இடைவெளிகளில் வடிவத்தை இழக்காத பாய் அங்கே பெரும் சொத்து. அருகிலேயே பயிற்சியாளரின் படகும் இருக்கிறது. தொண்டிக் கரையில் முழங்காலளவுத் தண்ணீரில் பாயைத் தலைமேல் வைத்துக்கொண்டு, காலில் புல் சிக்கச் சிக்க நடந்து, இடுப்பளவு ஆழத்தைத் தேடிப் போகிறவருக்கு அந்தச் சான்று பொருந்தாது. அந்த ஆழத்தில் 95 சென்டிமீட்டர் தண்டு தரையில் இடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோடையில் கண்மாயில் தண்ணீர் இருக்கும்போது பெரிய பாயைப் பழகிப் பார்க்கலாமா? (கானாடுகாத்தான் வாசகர்)

பதில்: ஊராரிடம் கேட்டுக்கொண்டு, குடிதண்ணீர் ஊருணியை விட்டுவிட்டு, பாசனக் கண்மாயில் பழகலாம், ஆனால் கேம்பர் பாய் அங்கே வீண். கண்மாய்க்கரை மரங்களைத் தாண்டி வரும் காற்று எந்தத் திசையிலும் நிலைப்பதில்லை. ஓடத் தொடங்கியதும் எதிர்க்கரை வந்துவிடும். ஓடுவதைவிடத் திரும்புவதே அதிகமாக இருக்கும் இடத்தில், எளிதாகத் திரும்பும் பாய்தான் கற்றுத் தரும். பாயின் கண்ணாடிபோன்ற மோனோஃபிலிம் பரப்பை வெயிலில் மணிக்கணக்கில் விரித்துப் போடாதீர்கள், வெயில் பட்டுப் பட்டு அது நொறுங்கும் தன்மை அடைந்துவிடும். அதைவிட விரைவில் அதை முடித்துவைப்பது கரையோரத்துச் சீமைக்கருவேல முள். பாயை விரிக்கும் இடத்தை ஒரு முறை துடைப்பத்தால் பெருக்கிவிடுங்கள். நான் பெருக்காமல் விரித்த ஒரு நாளின் நினைவாக என் 6.5 பாயில் ஏழு இடங்களில் ஒட்டு இருக்கிறது.

கேள்வி: காரைக்குடி நண்பரைப் போல நானும் சிங்கப்பூரிலிருந்துதான் வாங்குகிறேன். பாயோடு மாஸ்டையும் விமானத்தில் கொண்டுவந்துவிடலாமா? (தேவகோட்டையிலிருந்து மற்றொருவர்)

பதில்: சுருட்டிய பாய் நீளமான பை அளவில் அடங்கும், கேம்பர் பாய் சுருள் பருமனாக இருக்கும், அவ்வளவுதான். தொல்லை மாஸ்டில். 490 மாஸ்டை இரண்டாகப் பிரித்தாலும் ஒவ்வொரு துண்டும் ஏறக்குறைய இரண்டரை மீட்டர் இருக்கும். திருச்சிக்கு வரும் விமானத்தில் அந்த நீளத்தை ஏற்பார்களா என்பதை, எடையை மட்டும் சொல்லாமல் சென்டிமீட்டரில் நீளத்தைச் சொல்லி, விமான நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்கியபின் விற்பவருக்குப் பணம் அனுப்புங்கள்.